திரிபுராவில் எல்லை வேலி போட்ட இரண்டு வருடம்

2007-லிருந்து 2009 வரை திரிபுராவில், சோனாமுரா பக்கம், வங்கதேச எல்லையில் வேலி போட்ட ஒரு ஒப்பந்தக்காரரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். எல்லைக்கோட்டின் மேலேயே வேலி வரும் என்றுதான் போய்ச் சேரும்வரை நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் எல்லைத் தூண் ஒரு இடத்தில் நிற்கிறது, எங்கள் டிராயிங்கில் வேலி அதிலிருந்து 150 கெஜம் நம் பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ஜீரோ லைன் என்கிற எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் 150 கெஜத்துக்குள் பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது என்று 1975-இல் இரண்டு நாடும் ஒத்துக்கொண்ட விதி அது. 450 அடிதானே என்று தோன்றும். திரிபுராவுக்கு வங்கதேசத்தோடு இருக்கிற எல்லை 856 கிலோமீட்டர், மூன்று பக்கமும் அதுதான், நெடுக அப்படி விட்டுக்கொண்டே போனால் எத்தனை வயலும் வீடும் வேலிக்கு அந்தப் பக்கம் போகும் என்று பாருங்கள். அங்கே இருப்பவர்களும் இந்தியர்கள், இங்கேதான் ஓட்டுப் போடுகிறார்கள், ரேஷன் வாங்குகிறார்கள்.

ஒருநாள் சுண்ணாம்புப் பவுடர் போட்டு மார்க்கிங் செய்துகொண்டு போகிறோம், கோடு ஒரு வீட்டுக்கும் அதன் குளத்துக்கும் நடுவில் போனது. அந்த ஊரில் குளம்தான் எல்லாம், குளிப்பது, பாத்திரம் கழுவுவது, மீன் வளர்ப்பது. வீடு எல்லைப் பக்கம், குளம் உள்பக்கம். அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாசிமா என்று கூப்பிடுவோம், தினமும் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பார். அவர் சத்தம் போடவில்லை. கோட்டைக் காலால் தாண்டி இந்தப் பக்கம் வந்து, திரும்ப அந்தப் பக்கம் போய், இதில் வழி விடுவீர்கள் இல்லையா என்று கேட்டார். கேட் வரும் மாசிமா என்றேன். கேட் வந்தது, முக்கால் கிலோமீட்டர் தள்ளி.

அந்தக் கேட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறப்பார்கள், அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் மூடிவிட்டால் மூடியதுதான். சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டும். சணல் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், மறைவாகிவிடும் என்று வேலி ஓரத்தில் அதைப் போட விடவில்லை. அந்தப் பக்கத்து வீடுகளில் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று டீக்கடையில் வெளிப்படையாகவே பேசினார்கள்.

எங்கள் கேம்ப் கேட்டுக்குப் பக்கத்தில். ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும், அந்தப் பக்கமிருந்து டார்ச் வெளிச்சமும் கூச்சலும். மாசிமாவின் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். காவலில் இருந்த பையன் மேலே கேட்காமல் சாவியைத் தொட முடியாது என்றான், போனில் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கே கை நடுங்கியது. நாற்பது நிமிடம். அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அதை நட்டவன் நான். குழந்தை பிழைத்தது. ஆனாலும் அந்த நாற்பது நிமிடம் இன்னும் எனக்குள் இருக்கிறது. கடத்தல் நடக்கிறது, காவல் வேண்டும், அது எனக்கும் தெரியும். ராத்திரிக்கு ஒரு வழி வைத்துவிட்டு வேலி போட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

—

அண்ணா, படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் டெக்சாஸில் பிரௌன்ஸ்வில்லில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கேயும் இதே கதை. ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை, வெள்ளம் போகிற வழியை மறிக்கக் கூடாது என்று 1970-இல் மெக்சிகோவோடு ஒப்பந்தம் இருப்பதால் ஆற்றை விட்டுத் தள்ளி, வெள்ளத் தடுப்புக் கரையை ஒட்டி 18 அடி இரும்புக் கம்பி நிற்கிறது. இடையில் இருப்பது அமெரிக்க நிலம், வீடு, தோட்டம். கேட்டுக்கு நம்பர் அடிக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் தன் தாத்தாவின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் காரை நிறுத்தி அந்த நம்பரை அடிப்பார், தீயணைப்பு வண்டி வந்தால் யார் நம்பர் சொல்வது என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அந்த மாசிமா இப்போதும் அங்கேதான் இருக்கிறாரா?

—

2012-இல் ஒருமுறை போனேன் தம்பி. மகன் பஜார் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துக் குழந்தையோடு வந்துவிட்டான். மாசிமா வரவில்லை, மாடு இருக்கிறது, வீட்டை யார் பார்ப்பது என்கிறார். காலையில் கேட் திறந்ததும் வெளியே வந்து பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு, குளத்தில் குளித்து, மூடுவதற்குள் திரும்பிப் போகிறார்.