நாரிப் பிடிப்பு: கைரோபிராக்டரிடம் எப்போது போகலாம்?

ஸ்காபரோ வாசி:
வணக்கம். எனக்கு வயது 46. மூன்று வாரங்களுக்கு முன்னர் வாசலில் பனி வழித்தபோது நாரி (கீழ் முதுகு) பிடித்துக்கொண்டது. முதல் வாரம் குனிந்தெழும்பவே முடியவில்லை. இப்போது பரவாயில்லை என்றாலும், அரை மணி நேரம் கார் ஓட்டினால் வலி வலக்கால் வழியே கெண்டைக்கால் வரை இறங்குகிறது. வேலையிடத்துக் காப்புறுதி ஆண்டுக்கு 500 டொலர் வரை கொடுப்பதால், முள்ளந்தண்டைக் கையால் அசைத்துச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டரிடம் போய் நெட்டி முறித்துக்கொண்டு வருமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவியோ குடும்ப வைத்தியரைக் கேட்காமல் முள்ளந்தண்டில் எவரும் கைவைக்கக் கூடாது என்கிறார். எப்போது போவது சரி? முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

வடலி:
நான் பிசியோதெரபிஸ்ட், என் பேச்சில் சற்றுப் பக்கச்சார்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் நமது ஒன்ராறியோ மாகாணத்தில் கைரோபிராக்டரைப் பார்க்க வைத்தியரின் கடிதம் தேவையில்லை. அரசின் ஓஹிப் காப்புறுதி 2004 ஆம் ஆண்டின் இறுதியிலேயே இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டதால், செலவு உங்களுடையது அல்லது வேலையிடத்துடையது.

போவதற்கு முன் விலக்க வேண்டியவை சில உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது அறியாமலே கழிதல், சைக்கிள் இருக்கையில் படும் பகுதி விறைத்துப்போதல், இரண்டு கால்களும் பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், முன்னர் புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்டிருத்தல், நீண்டகாலம் ஸ்டீரொய்ட் எடுத்திருத்தல் என்றால் குடும்ப வைத்தியரே முதலில் பார்க்க வேண்டும். இவை எதுவுமில்லாத புதிய நாரி வலிக்கு, அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டி, சூட்டு ஒத்தடம், மசாஜ் ஆகியவற்றோடு முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சையையும் ஏற்கிறது. பலன் சிறிதளவுதான், பெரும்பாலோருக்கு என்ன செய்தாலும் சில வாரங்களில் வலி குறைந்துவிடும்.

எக்ஸ்ரே இந்நிலையில் அநேகமாகத் தேவையில்லை. 46 வயதில் வலியே இல்லாதவர்களின் படத்திலும் தேய்வு தெரியும். அதைவிட, காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய, குதிக்கால்களை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடந்து பார்த்து எழுதுங்கள்.

மார்க்கம் அக்கா:
எனக்குக் கைரோபிராக்டரின் சிகிச்சை உதவியது, ஆனால் இரண்டாவது இடத்தில். முதலில் போன இடத்தில், எக்ஸ்ரே படத்தைக் காட்டி எலும்பு இடம்பெயர்ந்துவிட்டதென்று பயமுறுத்தி, 36 தடவைக்கு முற்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். அடுத்தவர் அரை மணி நேரம் கேள்வி கேட்டு, முழங்காலைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, உடற்பயிற்சியும் சொல்லித் தந்தார். ஐந்து தடவையில் மாறாவிட்டால் வைத்தியரிடம் அனுப்புவதாகவும் அவரே சொன்னார். இன்னொன்று: நாரிக்குப் போனால் கழுத்தைத் திருப்ப விடாதீர்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது என்கிறார்கள். இருந்தும், தேவையற்ற இடத்தில் அந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

வடலி:
முள்ளந்தண்டை அசைக்கும்போது கேட்கும் "டக்" என்ற சத்தமும் எலும்பு இடத்துக்கு வருவதால் எழுவதன்று. விரலில் நெட்டி முறிக்கும்போது போலவே, மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உண்டாவதோடு தொடர்புடையது அது.

ஸ்காபரோ வாசி:
நடந்து பார்த்தேன். இடது பாதம் நன்றாக நிற்கிறது. வலது பாதத்தின் முன்பகுதி நாலைந்து அடிக்குள் தரையைத் தட்டுகிறது. காலையில் செருப்பு இடறியதற்கும் இதுதான் காரணமோ தெரியவில்லை. குடும்ப வைத்தியரிடம் அடுத்த வியாழக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது.

வடலி:
வியாழன் வரை காத்திருக்க வேண்டாம். இது நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கக்கூடும்; பரிசோதிக்கும் வரை கைரோபிராக்டரும் வேண்டாம், நானும் வேண்டாம். பாதம் பலங்குறைந்துள்ளதென்று சொல்லி நாளைக்கே நேரம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மாகாணத்தின் தொலைபேசி சுகாதார ஆலோசனை எண்ணான 811 ஐ அழையுங்கள். பாதத்தைத் தூக்கவே முடியாமற்போனால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காரை மனைவி ஓட்டட்டும்.