லோட் பேலன்சருக்கும் வெப் சர்வர்களுக்கும் இடையே டிஎல்எஸ்: 'வெரிஃபை நன்' போதுமா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்:

அன்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரில் ஒரு கூட்டுறவுக் கழகத்தின் உறுப்பினர் இணையத்தளத்தைப் பராமரித்து வருகிறேன். சைபர்ஜெயா தரவு மையத்தில் முன்னால் லோட் பேலன்சராக (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பகிர்ந்தளிப்பது) ஹெச்ஏ-ப்ராக்ஸி மென்பொருளும் அதன் பின்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் ஓடும் மூன்று வெப் சர்வர்களும் இருக்கின்றன. பயனரின் உலாவியிலிருந்து வரும் டிஎல்எஸ் (மறையாக்கம் செய்யும் நெறிமுறை) இணைப்பு லோட் பேலன்சரோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 80ஆம் போர்ட்டில் எல்லாம் திறந்தபடியே செல்கிறது. உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களும் சேமிப்பு விவரங்களும் அவ்வழியே போவதால், உள்வலையிலும் மறையாக்கம் வேண்டும் என்று தணிக்கையாளர் கேட்டிருக்கிறார். அவர் கேட்பது நியாயமே.

சோதனைச் சூழலில் வெப் சர்வர்களுக்கு அவற்றின் அடையாளத்தைக் காட்டும் டிஎல்எஸ் சான்றிதழ் நிறுவி, ஹெச்ஏ-ப்ராக்ஸியில் போர்ட்டை 443 என்று மாற்றினேன். மூன்று சர்வர்களும் ஹெல்த் செக்கில் (சர்வர் இயங்குகிறதா என்று லோட் பேலன்சர் செய்யும் சோதனை) விழுந்து தளம் 503 (சேவை கிடைக்கவில்லை) காட்டுகிறது. வெப் சர்வர் லாகில் 400 (தவறான கோரிக்கை) பதிவாகிறது. 'எஸ்எஸ்எல் வெரிஃபை நன்' (சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்) என்று சேர்த்தால் சரியாகிவிடும் எனப் பல இடங்களில் படித்தேன். அப்படியே விட்டுவிடலாமா?

பாயான் லெப்பாஸ் நிர்வாகி, பினாங்கு:

443ஆம் போர்ட்டில் என்ஜின்எக்ஸ் டிஎல்எஸ்ஸை எதிர்பார்க்க, ஹெச்ஏ-ப்ராக்ஸி சாதாரண ஹெச்டிடிபியில் பேசுவதால்தான் அந்த 400 வருகிறது. ஒவ்வொரு சர்வர் வரியிலும் 'எஸ்எஸ்எல்' என்ற சொல் இருக்க வேண்டும். அதைச் சேர்த்ததும் ஹெச்ஏ-ப்ராக்ஸி இயல்பாகவே சான்றிதழைச் சரிபார்க்க முனையும். எந்தச் சான்றளிப்பு ஆணையத்தை (சான்றிதழ்களுக்குக் கையொப்பமிட்டு வழங்கும் அமைப்பு) நம்புவது என்று 'சிஏ ஃபைல்' வழியே சொல்லாவிட்டால் கட்டமைப்பையே ஏற்க மறுத்துவிடும். அந்த மறுப்பைக் கடப்பதற்காகவே பலரும் 'வெரிஃபை நன்' போடுகிறார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சரிபார்ப்பு இல்லாத மறையாக்கம், வலையில் சும்மா ஒட்டுக் கேட்பவரை மட்டுமே தடுக்கும். உள்வலையில் நுழைந்த ஒருவர் தாமே உருவாக்கிய சான்றிதழைக் காட்டி உங்கள் வெப் சர்வராக நடித்தால், லோட் பேலன்சர் உறுப்பினர் விவரங்களை அவரிடமே, மறையாக்கம் செய்து, ஒப்படைக்கும். உங்களுக்கென ஓர் உள் சான்றளிப்பு ஆணையத்தை அமைத்து, அதன் ரகசியச் சாவியை இந்த இயந்திரங்கள் எதிலும் வைக்காமல், அதன் சான்றிதழை மட்டும் 'சிஏ ஃபைல்' ஆகக் கொடுத்து, 'வெரிஃபை ரிக்வயர்ட்' என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் முக்கியம். இதோடு நிறுத்தினால், ஹெச்ஏ-ப்ராக்ஸியின் பல பதிப்புகளில் சான்றிதழில் உள்ள பெயர் ஒப்பிடப்படுவதில்லை. அந்த ஆணையம் கையொப்பமிட்ட எந்தச் சான்றிதழும் செல்லும். இயங்குதளத்தோடு வரும் பொதுச் சான்றளிப்பு ஆணையங்களின் தொகுப்பைச் 'சிஏ ஃபைல்' ஆகக் கொடுத்திருந்தால், தமக்கென ஒரு டொமைன் வாங்கிச் சான்றிதழ் பெற்ற யாரும் நுழைந்துவிடலாம் என்றாகிறது. ஆகவே ஒவ்வொரு சர்வர் வரியிலும் அதற்குரிய பெயரை 'வெரிஃபை ஹோஸ்ட்' கொண்டு குறிப்பிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கணினியர், கோலாலம்பூர்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒரே வெப் சர்வர் பல தளங்களைத் தாங்கினால், எந்தத் தளத்தை நாடுகிறோம் என்று இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லும் எஸ்என்ஐயும் அனுப்ப வேண்டும்; ஹெல்த் செக்குக்கு அதைச் 'செக் எஸ்என்ஐ' எனத் தனியே கொடுத்துவிடுவது நல்லது. முன்னாலும் என்ஜின்எக்ஸ் வைத்திருப்போர் கவனிக்க: அங்கே 'ப்ராக்ஸி எஸ்எஸ்எல் வெரிஃபை' இயல்பாகவே அணைந்திருக்கும், எஸ்என்ஐ அனுப்புவதும் அப்படியே. பிழை எதுவும் தோன்றாததால், சரிபார்ப்பு நடக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பழைய நெறிமுறைகளையும் மூடிவிடுங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021இலேயே கைவிடப்பட்டவை. இரு முனையும் உங்கள் கையில் இருப்பதால் உள்வலையில் 1.3 மட்டும் என்று வைக்கத் தடையேதும் இல்லை.

செந்தூல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகக் கைகுலுக்கல் (டிஎல்எஸ் இணைப்பின் தொடக்கப் பரிமாற்றம்) நடந்தால் வேகம் குறையாதா? உள் சான்றிதழ்கள் காலாவதியானால் என்ன ஆகும்?

பாயான் லெப்பாஸ் நிர்வாகி:

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். திறந்த இணைப்புகளை ஹெச்ஏ-ப்ராக்ஸி மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும். வெப் சர்வர் பக்கத்தில் கீப்-அலைவ் நேரம் (இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் நேரம்) மிகக் குறைவாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

காலாவதிதான் உண்மையான ஆபத்து. மூன்று சான்றிதழ்களையும் ஒரே நாளில் வழங்கினால் மூன்றும் ஒரே நாளில் காலாவதியாகி, தளம் முழுவதும் 503 ஆகிவிடும். சில வாரங்கள் இடைவெளி விட்டு வழங்குங்கள். புதுப்பிப்பைத் தானியங்கியாக்கி, காலாவதித் தேதியைக் கண்காணிப்பிலும் சேர்த்துவிடுங்கள். ஆணையத்தின் சொந்தச் சான்றிதழுக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உறுப்பினர்கள் பயன்படுத்தும் தளத்துக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை: வேண்டுமென்றே ஒரு சர்வரில் வேறு பெயர் கொண்ட சான்றிதழை நிறுவுங்கள். ஹெச்ஏ-ப்ராக்ஸியின் புள்ளிவிவரப் பக்கத்தில் அந்தச் சர்வர் 'எல்6' (டிஎல்எஸ் நிலையிலான) பிழையோடு விழ வேண்டும். பச்சையாகவே நின்றால் 'வெரிஃபை ஹோஸ்ட்' வரியைத் திரும்பப் பாருங்கள். தணிக்கையாளரிடம் இந்தச் சோதனையின் பதிவையே ஆதாரமாகக் காட்டலாம்.