தோழிகளோடு குவில்ட் தைக்கப் போன அனுபவம் – தைத்ததைவிடப் பிரித்ததே அதிகம்

நாஷ்வில்லில் அடுத்தடுத்த தெருக்களில் வசிக்கும் ஐந்து பேர் நாங்கள். தமிழ் பேசுபவள் நான் ஒருத்திதான். போன அக்டோபரில் கென்டக்கியின் படூக்காவில் ஒரு வீட்டை வியாழன் முதல் ஞாயிறு வரை வாடகைக்கு எடுத்தோம். பட்டுக்குக் காஞ்சிபுரம் போல, குவில்ட்டுக்கு, அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைக்கு, படூக்கா. தேசிய குவில்ட் அருங்காட்சியகம் 1991 முதல் அங்கேதான் இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் அந்த ஊரைச் சேர்த்தது.

காரில் ஆட்களைவிடத் துணிதான் அதிகம். ஐந்து மெஷின், இரண்டு இஸ்திரிப் பெட்டி. போய் இறங்கிய ஒரு மணி நேரத்தில் கூடம் இருண்டது. இஸ்திரிப் பெட்டி ஒவ்வொன்றும் 1500 வாட்; 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 1800 வாட்தான். இரண்டையும் ஒரே அறையில் செருகினால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? ஒன்றைச் சமையலறைக்கு நாடு கடத்தினோம். அதன் பிறகு தேய்க்கப் போனவர்கள் எல்லாரும் வாயில் எதையாவது மென்றுகொண்டுதான் திரும்பினார்கள்.

நான் எடுத்துப்போனது ‘லாக் கேபின்’, அதாவது ‘மரக்கட்டை வீடு’ என்ற குவில்ட் வடிவம். நடுவில் ஒரு சிறு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றித் துணிப் பட்டைகள்; இது ஒரு கட்டம். இப்படிப் பல கட்டங்களை இணைத்தால் குவில்ட். நடுச் சதுரத்தைச் சிவப்பில் வைப்பது பழைய வழக்கம். வீட்டின் கணப்பு அடுப்பாம் அது. வீட்டிலேயே பன்னிரண்டு கட்டங்களைத் தைத்து முடித்திருந்தேன். கொஞ்சம் மிதப்போடு அவற்றை மேசைமேல் பரப்பினேன். எங்களில் மூத்தவர், எழுபதைத் தாண்டியவர், ஒன்றை எடுத்து அளந்தார். பேசவில்லை. டேப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒரு அங்குலம் குறைவு.

துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். நான் அதைவிட அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளியிருக்கிறேன். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கத் துணியும் உள்ளே போவதால் இழப்பு இரட்டிப்பு, அதாவது அரைக்கால் அங்குலம். கட்டத்தின் குறுக்கே எட்டுத் தையல். கணக்கு சரியாகத்தான் இருந்தது, கட்டம்தான் சரியாக இல்லை. பன்னிரண்டும் ஒரே அளவில் இருந்தால் அப்படியே இணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் வழியில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

வெள்ளி முழுக்கப் பிரித்தேன். எதிரே அமர்ந்த மூத்தவர், தம் வேலையை ஒதுக்கிவிட்டு, கேட்காமலேயே ஒரு கட்டத்தை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினார். அவருடைய முதல் குவில்ட்டை நாய்க்குப் போட்டுவிட்டாராம். நாய் அதில் படுக்க மறுத்ததாம்!

சனிக்கிழமை அருங்காட்சியகம். முன்பக்கம் எல்லாருக்கும் தெரிகிறது. எனக்கோ பின்பக்கம் பார்க்க வேண்டும். தைத்தவரின் வண்டவாளம் அங்கேதானே தெரியும்? தொடக் கூடாது என்பதால் சுவரோரம் கழுத்தை வளைத்துப் பார்த்தேன். ஒரு முடிச்சுகூடத் தென்படவில்லை. வயிற்றெரிச்சலோடு திரும்பினேன்.

*

டொரான்டோவிலிருந்து: அக்கா, எங்கள் கூட்டத்தில் பிரேக்கர் விழவில்லை, சாயம்தான் போனது. தோழி ஒருத்தி சிவப்புப் பருத்தியைத் துவைக்காமலேயே வெள்ளையோடு சேர்த்துத் தைத்துவிட்டாள். முடித்த பிறகு போட்ட முதல் துவைப்பிலேயே வெள்ளை முழுக்க ரோஜா நிறம். ‘வேண்டுமென்றேதான் செய்தேன்’ என்று இன்றுவரை சாதிக்கிறாள். உங்கள் நடுச் சதுரங்களைத் துவைத்தீர்களா?

*

மதுரையிலிருந்து: மூன்று நாள் யார் சமைத்தது என்பதைச் சொல்லவே இல்லையே? பிரித்த கட்டங்கள் என்ன ஆயின?

*

முதலில் எழுதியவள்: துவைத்தேன் தங்கச்சி, அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன். சமையல் முறைவைத்து, என் முறைக்கு எலுமிச்சைச் சாதம், சட்டி காலி. கட்டங்களில் ஏழு திரும்பத் தைத்தாயிற்று. ஐந்து இன்னும் பையில் கிடக்கின்றன. பையைத் திறக்கவில்லை.