குரோமில் இயல்பான தேடுபொறியை மாற்றவும் முடியவில்லை, நீக்கவும் முடியவில்லை

கேள்வி: கொலுசுக்கடைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் கணக்கு எழுதி வருகிறேன். பத்து நாட்களுக்கு முன், பட்டறைக்காரர்களின் கூலிப் பட்டியலைப் பிடிஎஃப் ஆக்குவதற்காக இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அன்று முதல் குரோமின் முகவரிப் பட்டையில் எதைத் தட்டச்சு செய்தாலும், கேள்விப்பட்டே இராத ஒரு தளம் இமைப்பொழுது தோன்றி மறைந்து, யாகூவின் பக்கத்தில் போய் நிற்கிறது. கடை திறந்ததும் 'இன்றைய வெள்ளி விலை' என்று தேடுவது எங்கள் வழக்கம். நேற்று மேலே வந்த விளம்பரத்தில் இருந்த தொகையைச் சந்தை விலை என்று நம்பி, எங்கள் முதலாளி வாடிக்கையாளரிடம் பேரமே தொடங்கிவிட்டார். சரக்கைத் தராசில் வைத்த பிறகுதான் பிழை தெரிந்தது.

அமைப்புகளில் தேடுபொறிப் பட்டியலைத் திறந்தால் அந்த அறியாத பெயரே இயல்பானதாக, அதாவது குரோம் தானாகவே பயன்படுத்தும் தேடுபொறியாக, நிற்கிறது. அதை நீக்கும் வழியே காணப்படவில்லை. குரோமை இருமுறை அடியோடு நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பதில் 1: ஐந்து ரோடு கணினிப் பழுதுநீக்குபவர்

ஐயா, நீங்கள் யாகூவைக் குறை சொல்லவில்லை என்பது நல்லது; பலர் அங்குதான் தவறுகிறார்கள். இடையில் தோன்றி மறையும் அந்தத் தளமே உங்கள் தேடலை வாங்கி, விளம்பரப் பணத்துக்காக யாகூவிடம் கைமாற்றுகிறது. பட்டியலிலிருந்து யாகூவை எடுத்தாலும் அது நிற்காது.

பொதுவான முறை இதுதான்: இயல்பானதாக இருக்கும் தேடுபொறியை எந்த நிலையிலும் நீக்க இயலாது. முதலில் வேறொன்றின் அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி அதை இயல்பானதாக்க வேண்டும். அதன் பிறகே பழையதற்கு 'நீக்கு' என்ற வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் உங்களுக்கு மாற்றவே முடியவில்லை என்றால், அந்த அமைப்பை வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு விவரம் சொல்லுங்கள். தேடுபொறிப் பகுதியில், ஒரு எக்ஸ்டென்ஷன் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சிறு நிரல்) இதைக் கட்டுப்படுத்துகிறது என்ற வரி இருக்கிறதா? குரோமின் வலது மூலையில் உள்ள மெனுவின் அடியில், உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று எழுதியிருக்கிறதா?

கேள்வியாளர்

இரண்டும் இருக்கின்றன. நானும் முதலாளியும் ஒரு பையனும்தான் எங்கள் நிறுவனம். நாங்கள் எதையும் நிர்வகிக்கவில்லை. எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் மற்றவற்றுக்கு 'அகற்று' பொத்தான் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

பதில் 2: ஐந்து ரோடு கணினிப் பழுதுநீக்குபவர்

அப்படியானால் காரணம் தெளிவு. பெரிய அலுவலகங்கள் தம் கணினிகள் அனைத்திலும் ஒரு எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவ, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசி' என்னும் விதியை எழுதி வைப்பார்கள். அவ்வாறு வந்ததைப் பயனர் அகற்ற முடியாது. உங்கள் பிடிஎஃப் மென்பொருள் அந்த வசதியைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறது. குரோமை நீக்கும்போது ரெஜிஸ்ட்ரியில் உள்ள விதி அப்படியே இருந்துவிடுவதால், மீண்டும் நிறுவியதும் அதே எக்ஸ்டென்ஷன் உள்ளே வந்துவிடுகிறது.

முதலில் கன்ட்ரோல் பேனல் வழியாக அந்த மென்பொருளை அகற்றுங்கள். வரிசையை மாற்றினால் அது விதியைத் திரும்ப எழுதிவிடக்கூடும். பிறகு முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டச்சு செய்தால் விதிகளின் பட்டியல் வரும். அங்கே 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற பெயருக்கு எதிரே, பொருளற்ற 32 ஆங்கில எழுத்துகள் தொடர்ச்சியாக நிற்கும். அதுவே அந்த எக்ஸ்டென்ஷனின் அடையாளம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் இறங்கி, அதே பெயருள்ள கோப்புறையில் அந்த எழுத்துகளைக் கண்டால், முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் வைத்துக்கொண்டு, பிறகு அந்த ஒரு வரியை மட்டும் அழியுங்கள். கரன்ட் யூசர் பிரிவிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே மேல். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதில் 3: ஏற்காட்டுக் காப்பித்தோட்டத்துக்காரர்

இதைச் செய்து முடிக்கும்வரை கடை வேலை நிற்க வேண்டியதில்லை. குரோமுக்கு எழுதிய விதி பயர்பாக்ஸ் என்னும் வேறு உலாவியைத் தொடாது. அதில் தேடல் அமைப்புக்குச் சென்றால், உடன் வரும் தேடுபொறிகளைக்கூட நீக்கிக்கொள்ளலாம். தவறுதலாக நீக்கியவற்றை ஒரே பொத்தானில் மீட்கவும் முடியும். விண்டோஸுடன் வரும் எட்ஜ் உலாவியில் முகவரிப் பட்டைக்குரிய தேடுபொறியை, மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து மாற்றலாம் என்றாலும், விண்டோஸின் கீழ்ப்பட்டையில் உள்ள தேடல் பெட்டி அதற்குக் கட்டுப்படாமல் பிங்கிடமே போகும். மழைக்காலத்தில் எங்கள் மலையில் இணையம் ஊர்ந்துதான் வரும். ஒவ்வொரு தேடலும் இன்னொரு தளத்தைச் சுற்றிவந்தால் மிளகு விலை பார்ப்பதற்குள் காப்பி ஆறிவிடும் என்பதால், இதையெல்லாம் நானாகவே கற்றுக்கொண்டேன்.

இயல்பான இடத்துக்கு இவ்வளவு போட்டியா என்று வியப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் அந்த இடத்தைப் பெறுவதற்காகக் கூகுள் 2021ஆம் ஆண்டில் மட்டும் 2,630 கோடி டாலர் செலுத்தியது என்பது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. பணம் கொடுத்து வாங்கும் இடத்தைத் திருட்டு மென்பொருள் பூட்டை உடைத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வியாளர்

ஐந்து ரோடு ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். 32 எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து அந்த வரியை அழித்து, குரோமை மூடித் திறந்ததும் எக்ஸ்டென்ஷன் தானாகவே மறைந்தது. கூகுளை இயல்பானதாக்கிவிட்டு, அந்தப் பெயரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். ஒரே ஒரு ஐயம்: முதலாளி தம் வீட்டு மடிக்கணினியிலும் இதே கூகுள் கணக்கில்தான் நுழைந்திருக்கிறார். ஒரே கணக்கின் அமைப்புகளைப் பல கணினிகளுக்கும் கொண்டுசெல்லும் ஒத்திசைவு வழியாக அது அங்கே போயிருக்குமா?

பதில் 4: ஐந்து ரோடு கணினிப் பழுதுநீக்குபவர்

ரெஜிஸ்ட்ரி விதி கணினி விட்டுக் கணினி போகாது. எனினும் தேடுபொறிப் பட்டியலும் எக்ஸ்டென்ஷன்களும் ஒத்திசைவில் பயணிக்கக்கூடியவை என்பதால், மடிக்கணினியிலும் அவ்விரண்டு பக்கங்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே இருந்தாலும் 'அகற்று' பொத்தானுடன்தான் இருக்கும்.