வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் டிரில்: எந்த பிராண்டின் பேட்டரிக்குள் நுழைவது?

பதினோராம் மாடி (கேள்வி)

வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் புது அபார்ட்மெண்டுக்குக் குடிவந்திருக்கிறோம், 14 மாடிக் கட்டடம். செய்ய வேண்டிய வேலைகள்: ஐந்து ஜன்னலுக்கு கர்ட்டன் ராடு, 55 இன்ச் டிவி, சமையலறை டைல்ஸ் மேல் இரண்டு ஷெல்ஃப், பால்கனிக்கு பிளைவுட்டில் ஒரு பெஞ்ச். அதன் பிறகும் மரவேலையைத் தொடர ஆசை. பட்ஜெட் 15 ஆயிரம்.

பாஷ், மகிட்டா, டிவால்ட், ஸ்டான்லி, இங்க்கோ எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொன்றைச் சிறந்தது என்கிறது. 12 வோல்ட் போதுமா, 18 வேண்டுமா? 20 வோல்ட் என்று போட்டிருப்பது 18ஐ விடப் பலமானதா? 48, 88 வோல்ட் என்றெல்லாம் மலிவாக வருகிறதே, அவை எப்படி? தம்பி டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வருகிறான். அங்கே விலை குறைவாம், வாங்கிவரச் சொல்லலாமா?

தச்சு மேசை

பிராண்டுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் பெஞ்ச் தவிர மற்றதெல்லாம் சுவரில் ஓட்டை போடும் வேலை.

பெங்களூரின் புதிய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் மூன்று வகைச் சுவர்தான். ஒன்று சாலிட் கான்கிரீட் பிளாக். இரண்டாவது ஏஏசி என்கிற எடை குறைந்த வெள்ளை பிளாக். மூன்றாவது மிவான், அதாவது அலுமினிய ஷட்டரிங் கட்டி உள்சுவர் உட்பட எல்லாவற்றையும் ஆர்சிசியாக (கம்பி வைத்த கான்கிரீட்டாக) வார்த்துவிடுவது. பில்டர் கொடுத்த ஹேண்ட்ஓவர் புத்தகத்தில் இது இருக்கும். இல்லையென்றால் கட்டிலுக்குப் பின்னால், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலோ நேர் கீழோ இல்லாத ஓரிடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு ஓட்டை போட்டு, விழும் தூளைப் பாருங்கள்.

முதல் 12 முதல் 15 மி.மீ. சாம்பல் நிறத் தூள் வந்தால் அது பூச்சு, கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகு மாவு போல வெள்ளைத் தூள் வந்து, பிட் வெண்ணெயில் போவது போல இறங்கினால் ஏஏசி. மணல் மணலாகச் சாம்பல் தூள் வந்து, மெதுவாக ஆனால் நிற்காமல் இறங்கினால் சாலிட் பிளாக். பூச்சே இல்லாமல், இரண்டு மூன்று மி.மீ. வெள்ளைப் புட்டி முடிந்ததும் பிட் கிறீச்சிட்டு, சூடாகி, நகராமல் நின்றால் மிவான்.

மிவான் என்றால் எந்த பிராண்டின் கார்ட்லெஸ் ஹேமர் டிரில்லும் திருப்தி தராது. சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் இரண்டு பல்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் அடி விழும், ஆனால் ஒவ்வொன்றும் வெறும் தட்டல். அந்தத் தட்டலுக்கும் பலம் தருவது நீங்கள் அழுத்தும் அழுத்தம்தான். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் காற்றை அழுத்தி ஒரு சுத்தியலை எறிகிறது. அடி நான்கைந்தாயிரம்தான், ஆனால் ஒவ்வொன்றின் ஆற்றலும் 2 ஜூல் அளவில் இருப்பதால் கான்கிரீட்டில் இருக்கும் ஜல்லியே உடையும். இதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் என்ற காடி வைத்த பிட் வேண்டும்.

இன்னொன்று. உங்களுடையது பிளாக் சுவர்தான் என்றாலும் கர்ட்டன் ராடு வரும் இடம் ஜன்னலுக்கு மேல். அங்கே இருப்பது லிண்டல், அதாவது ஜன்னலுக்கு மேல் சுவரைத் தாங்கும் உத்தரம், அது ஆர்சிசி. "டிரில் சரியில்லை, கர்ட்டன் ராடுக்கே திணறுகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை டிரில்லின் குறை அல்ல, லிண்டலின் வேலை. லிண்டல் சாதாரணமாக 150 மி.மீ. உயரம். ராடை ஜன்னல் விளிம்பிலிருந்து 200 மி.மீ.க்கு மேல் வைக்க இடம் இருந்தால் லிண்டலைத் தாண்டி பிளாக்குக்கு வந்துவிடலாம். பக்கவாட்டில் நகர்த்தித் தப்பிக்க முடியாது, லிண்டல் ஜன்னலின் இருபுறமும் சுவருக்குள் 150 மி.மீ. அளவுக்கு நீண்டிருக்கும்.

செல் கணக்கு

வோல்ட் கேள்விக்குப் பதில். 20 வோல்ட் மேக்ஸ் என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒன்றுதான். இரண்டிலும் ஐந்து லித்தியம் செல் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் ஒரு செல் 4.2 வரை போகும், அப்போது 21. எந்த எண்ணை அச்சடிப்பது என்பது விளம்பரத் துறையின் முடிவு. அதேபோல 12 வோல்ட் என்பது மூன்று செல், உண்மையில் 10.8.

48, 88 என்று போட்டிருப்பவை பெயரில்லாத பேக்குகள். சார்ஜ் ஏற்றி மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலும் 20, 21 தான் காட்டும், சிலவற்றில் 12.6. நிஜமாகவே முழு சார்ஜில் 88 வோல்ட் வர 21 செல் வேண்டும். 18650 வகை செல் ஒன்று ஏறக்குறைய 45 முதல் 48 கிராம் இருக்கும், ஆகவே செல் எடை மட்டும் ஒரு கிலோ. இந்த எடைக் கணக்கு போலி பேட்டரியைக் கண்டுபிடிக்கவும் உதவும். "18 வோல்ட், 6 ஆம்பியர் அவர்" என்றால் (ஆம்பியர் அவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு) 3 ஆம்பியர் அவர் செல் பத்து இருக்க வேண்டும், செல்லே அரைக் கிலோவை நெருங்கும், உறையும் சர்க்யூட்டும் அதற்கு மேல். கையில் எடுத்து 400 கிராம்தான் என்றால் உள்ளே ஐந்து செல்தான், எழுதியிருப்பதில் பாதிதான் கிடைக்கும்.

டிரில்லைவிட பேட்டரியைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஐந்து வருடம் கழித்து டிரில் ஓடிக்கொண்டிருக்கும், பேட்டரி தேய்ந்திருக்கும். அன்றைக்கு அதே பேட்டரி கடையில் கிடைக்குமா என்பதுதான் பிராண்டுக்கு வைக்க வேண்டிய தேர்வு. அதிலும் பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பாஷில் நீல நிறம் தொழில்முறை வரிசை, பச்சை நிறம் வீட்டு வரிசை. இரண்டுமே 18 வோல்ட், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. மகிட்டாவில் எல்எக்ஸ்டி என்பது 2005 முதல் வந்துகொண்டிருக்கும் பெரிய வரிசை. எச்பி457 போன்ற டிரில்கள் ஜி வரிசை. அதுவும் 18 வோல்ட்தான், ஆனால் அந்தப் பேட்டரியை எல்எக்ஸ்டி கருவியில் மாட்ட முடியாது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே கம்பெனியுடையவை, இருந்தும் பேட்டரி தனித்தனி.

ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொன்றில் மாட்டும் அடாப்டர்கள் விற்கிறார்கள், வேண்டாம். பேட்டரி வடிந்ததும் "நிறுத்து" என்று கருவிக்குச் சொல்லும் தனிக் கம்பி அவற்றில் பலவற்றில் இணைக்கப்படுவதில்லை. செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் குறையும். பிறகு சார்ஜரும் அந்த பேக்கை ஏற்க மறுக்கும்.

எஸ்ஜேபி ரோடு

தம்பிகிட்ட டூல் மட்டும் வாங்கிட்டு வரச் சொல்லலாம், சார்ஜர் வேண்டாம். அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது. இங்க 230ல சொருகினா அந்த நிமிஷமே போயிரும். ஃபோன் சார்ஜர் மாதிரி ரெண்டு ஊருக்கும் பொதுவா இருக்கும்னு நினைச்சு எரிச்சவங்க நிறைய. டிவால்ட்டுல அமெரிக்க 20 வோல்ட் மேக்ஸ் பேட்டரி, இங்க கிடைக்கிற 18 வோல்ட் எக்ஸ்ஆர் சார்ஜர்ல ஏறும். அதனால சார்ஜரை இங்க வாங்கிக்கலாம். பேட்டரியை ஹேண்ட் லக்கேஜ்லதான் வைக்கணும், பெட்டில போட்டு அனுப்பக் கூடாது. 18 வோல்ட் 4 ஆம்பியர் அவர்னா 72 வாட் அவர், 100க்கு உள்ள இருக்கிறதால பிரச்சனை இல்ல. முனையில டேப் ஒட்டிடச் சொல்லுங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி அந்த வாரண்டி இந்தியாவுல செல்லுமான்னு பாத்துக்கோங்க. சர்க்யூட் போச்சுன்னா மிச்சம் பிடிச்ச காசு மொத்தமும் அங்கேயே போயிரும்.

இங்கயே வாங்குறதா இருந்தா ஒரு தடவை பெங்களூர் எஸ்ஜேபி ரோடு டூல் கடைகளுக்குப் போயிட்டு வாங்க. கையில பிடிச்சுப் பாக்கலாம், அது முக்கியம். கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்தப் பேட்டரி தனியா ஸ்டாக் இருக்கா, என்ன விலை? சர்வீஸ் சென்டர் ஊர்ல எங்க? பேட்டரிக்கு வாரண்டி எத்தனை மாசம்? டூலுக்கு ஒரு காலம், பேட்டரிக்கு வேற காலம் இருக்கும். ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க.

டூல் மட்டும்னு விலை கம்மியா போட்டிருக்கிறதப் பாத்து மயங்காதீங்க. முதல் தடவை ரெண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்த கிட்தான் லாபம். ஒரே பேட்டரின்னா சார்ஜ் ஏறுற வரைக்கும் ஏணி மேல சும்மா நிக்கணும்.

இங்க்கோ, டோட்டல்ங்கிற பிராண்டுகள் பத்தி: வருஷத்துக்கு நாலு நாள் வேலைன்னா தாராளமா ஓடும். வாங்குற இடத்துலயே அதோட பேட்டரியும் சார்ஜரும் தனியா விக்கிறாங்களான்னு மட்டும் பாத்துக்கோங்க.

பதினோராம் மாடி

எல்லோருக்கும் நன்றி. தூள் சோதனை செய்தேன். ஹால் சுவரில் புட்டிக்குக் கீழே உடனே கடினம், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய சாதாரண ஹேமர் டிரில் 15 மி.மீ.யில் நின்றுவிட்டது. மிவான்தான். இப்போது என்ன வாங்குவது?

தச்சு மேசை

அப்படியென்றால் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். சுவருக்கு ஒயர் உள்ள ரோட்டரி ஹேமர், 2 கிலோ வகை, எஸ்டிஎஸ் பிளஸ். பாஷ் ஜிபிஎச் 220 போல 720 வாட், 2 ஜூல் உள்ளது போதும். கார்ட்லெஸ் ரோட்டரி ஹேமரும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் இரண்டு பெரிய பேட்டரியோடு சேர்த்தால் உங்கள் பட்ஜெட் அதிலேயே முடிந்துவிடும். வீட்டுக்குள் எல்லா அறையிலும் பிளக் பாயிண்ட் இருக்கிறது, சுவர் ஓட்டையும் தினமும் போடப் போவதில்லை.

மரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும் 12 வோல்ட் கார்ட்லெஸ். பாஷ் நீல வரிசை ஜிஎஸ்பி 120 அல்லது மகிட்டா எச்பி333, இரண்டும் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. 18 மி.மீ. பிளைவுட்டில் 4×40 ஸ்க்ரூ இறக்க இது தாராளம். எடை ஒரு கிலோவை ஒட்டி. அலமாரிக்குள் கையை விட்டு ஒற்றைக் கையால் கீல் மாட்டும்போது இந்த எடையின் அருமை தெரியும்.

செல் கணக்கு

12 வோல்ட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. "மரவேலையைத் தொடர ஆசை" என்று எழுதியிருக்கிறார். அடுத்து ஜிக்சா, ரம்பம், டிரிம்மர் என்று போனால் 12 வோல்ட் வரிசை சீக்கிரம் முடிந்துவிடும். 18 வோல்ட்டில் பாஷ் ஜிஎஸ்பி 180 அல்லது மகிட்டா டிஎச்பி453 வாங்கினால் அந்தப் பேட்டரி பெரிய குடும்பத்துக்குள் கொண்டுபோகும், பிட்டைப் பிடிக்கும் சக்கும் 13 மி.மீ. கிடைக்கும், 12 வோல்ட்டில் 10 தான்.

தச்சு மேசை

ரம்பத்துக்கும் கிரைண்டருக்கும் வீட்டில் ஒயர்தான் சரி என்பேன். 720 வாட் வேலையை 18 வோல்ட்டில் எடுக்க 40 ஆம்பியர் ஓட வேண்டும். டிரில்லோடு வந்த 2 ஆம்பியர் அவர் பேக்கில் ஐந்தே செல். வோல்ட் சரிந்து, ரம்பம் பலகையின் நடுவில் நிற்கும். அதற்கென 4 அல்லது 5 ஆம்பியர் அவர் பேட்டரி தனியாக வாங்க வேண்டும், அந்த விலையில் ஒயர் உள்ள 4 இன்ச் கிரைண்டரே வந்துவிடலாம். ஆனால் ஜிக்சாவும் டிரிம்மரும் கார்ட்லெஸ்ஸாகத்தான் வேண்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, 18க்கே போகட்டும். ரோட்டரி ஹேமர் தனியாக இருப்பதால் அதிலும் ஹேமர் இல்லாத பாஷ் ஜிஎஸ்ஆர், மகிட்டா டிடிஎஃப் மாடல் போதும், கொஞ்சம் விலையும் எடையும் குறையும்.

இனி வேலைக்கு. கர்ட்டன் ராடுக்கு 6 மி.மீ. ராவல் பிளக் (ஓட்டைக்குள் அடித்து ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் உறை), 4 மி.மீ. ஸ்க்ரூ. டிவிக்கு 8 மி.மீ. பிளக், 5 மி.மீ. ஸ்க்ரூ, குறைந்தது நான்கு. பிளக் நீளத்தைவிட 10 மி.மீ. ஆழமாகப் போடுங்கள், பிட்டில் டேப் சுற்றி அளவு வையுங்கள். பிட்டின் காடியில் துளி கிரீஸ் தடவுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் பிளக்கை அடித்தால் அது பாதியில் நின்று மடங்கும். மிவான் சுவரில் கரண்ட் குழாயும் கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கிறது, சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் தொடவே வேண்டாம். பிட் திடீரென்று இரும்பில் மோதி நின்றால் அது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, அழுத்தாமல் 30 மி.மீ. தள்ளிப் போடுங்கள்.

சமையலறை டைல்ஸில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கார்ட்லெஸ் டிரில்லில் வேல்முனை கார்பைட் பிட்டைப் போட்டு, ஹேமர் இல்லாமல், மெதுவான வேகத்தில் டைலை மட்டும் துளையுங்கள். டைல் தாண்டிய பிறகு ரோட்டரி ஹேமருக்கு மாறலாம். பிளக்கின் வாய் டைலின் அடிப்பக்கத்துக்கும் கீழே போக வேண்டும். டைல் மட்டத்திலேயே நின்றால் ஸ்க்ரூ இறுகும்போது பிளக் விரிந்து டைலைப் பிளக்கும்.

எஸ்ஜேபி ரோடு

பெஞ்ச்சுக்கு ஒரு வார்த்தை. பால்கனில மழைத் தூறல் படும், அதனால ஐஎஸ் 710 முத்திரை (தண்ணி தாங்குற மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) உள்ள பிளைவுட் எடுங்க. கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம், துருப்பிடிக்கும், தலையும் சட்டுன்னு உடையும். ஸ்டெயின்லெஸ் போடுங்க. பிளைவுட் விளிம்புல இறக்குறப்போ 2.5 மி.மீ. ஓட்டை முன்னாடியே போடலைன்னா அடுக்கு பிரிஞ்சிரும். கியர் 1 (மெதுவான வேகம்), கிளட்ச் (டிரில் முன்பக்கம் எண் போட்ட வளையம்) 5ல ஆரம்பிச்சு, ஸ்க்ரூ தலை பலகையோட சமமா உக்கார வரைக்கும் ஒவ்வொண்ணா ஏத்துங்க. டிரில் படம் போட்ட இடத்துலயே கிளட்ச்ச வச்சு ஸ்க்ரூ போட்டா ஒண்ணு ஸ்க்ரூ தலை தேயும், இல்ல பிட் தேயும். பிட் நுனியில எழுதியிருக்கிறதயும் பாருங்க. சாதாரண ஸ்க்ரூவுக்கு பிஎச்2. ஐரோப்பிய கீலோட வர்ற ஸ்க்ரூவுல குறுக்கு வெட்டுக்கு நடுவுல இன்னும் நாலு மெல்லிய கோடு இருந்தா அது பிஇசட்2.

செல் கணக்கு

பேட்டரியை மாதக் கணக்கில் வைத்துவிடப் போகிறீர்கள் என்றால் இரண்டு கோடு எரியும் அளவில், ஏறக்குறைய பாதி சார்ஜில் வையுங்கள். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போடாமல் அரை மணி ஆற விடுங்கள். சார்ஜிலேயே மாட்டி விட்டுவிட வேண்டாம், வெயில் படும் பால்கனி அலமாரியிலும் வேண்டாம்.