டர்போ வண்டிக்கு 95 பெட்ரோல்: தேவையா, தண்டமா?

திம்பம்27:
என் கார் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 2022 மாடல். கையேட்டுல "ஆக்டேன் குறைந்தது 91, முடிந்தால் 95"னு இருக்கு. பங்க்ல ஒவ்வொரு தடவையும் "பவர் போடட்டுமா சார்?"ங்கறாங்க. அதான் 95 பெட்ரோல், லிட்டருக்கு ஏழெட்டு ரூபா கூட. போடலாமா?

ஸ்பேனர்:
வேண்டாம். ஆக்டேன்னா சக்தி இல்ல. அமுக்கும்போது தானா வெடிக்காம, ஸ்பார்க் வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கிற குணம், அவ்ளோதான். 91க்கு டியூன் பண்ண இன்ஜின்ல 100 ஊத்தினாலும் ஒரு ஹெச்பி ஏறாது. என் ஸ்விஃப்ட் கம்ப்ரஷன் (இன்ஜின் அமுக்கற அளவு) 12க்கு 1, சாதாவிலயே ஓடுது. அமெரிக்காக்காரன் 87 போட்டு ஓட்டறான்!

கொங்குடர்போ:
அந்த 87ஐ இங்க இழுக்காதீங்க. ஆக்டேனை அளக்க ரான், மான்னு ரெண்டு முறை இருக்கு. அங்க ரெண்டையும் சராசரி போட்டு எழுதறாங்க. இங்க வெறும் ரான். அவங்க 87, நம்ம 91 பக்கம் வரும்.

உங்களுது டர்போ இல்லாத வண்டிங்க. டர்போ காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளும், அதனால தானா வெடிக்க வாய்ப்பு கூட. மே மாச வெயில்ல அஞ்சு பேரை ஏத்திட்டு, ஏசி போட்டு, திம்பம் 27 கொண்டை ஊசியும் ஏறிப் பாருங்க. நாக்கிங், அதாவது அந்தத் தானா வெடிக்கறது, வந்ததும் சென்சார் பிடிச்சிரும், இசியூ (இன்ஜினோட கம்ப்யூட்டர்) ஸ்பார்க்கைத் தள்ளிப் போடும். இன்ஜின் பிழைச்சுக்கும், இழுவை போயிரும். 95 போட்டப்ப மூணாவது கியர்லயே ஏறுச்சு.

ஸ்பேனர்:
எட்டு ரூபா கூடக் குடுத்தவருக்கு பிக்கப் தெரியாமலா இருக்கும் :) போனது எந்த வருஷம்?

கொங்குடர்போ:
2021.

ஸ்பேனர்:
அதானே. இப்ப சாதாவிலயே 20 சதம் எத்தனால். அதனால ஆக்டேன் 95 ஆயிடுச்சுன்னு பெட்ரோலிய அமைச்சகமே 2025ல சொல்லிடுச்சு. அப்புறம் எதுக்கு காசு?

கொங்குடர்போ:
அதை ஒத்துக்கறேனுங்க. இப்பல்லாம் எனக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா எத்தனால்ல லிட்டருக்கு சக்தி மூணுல ஒரு பங்கு கம்மி. மைலேஜ் குறையுது. எத்தனால் கலக்காத எக்ஸ்பி100னு 100 ஆக்டேன் பெட்ரோல் இருக்கு...

ஸ்பேனர்:
அது சாதாவை விட விலை ரொம்பக் கூட. மிச்சமாகற மைலேஜ் அதுக்கு ஈடாகுமா? கணக்குப் போட்டுட்டு வாங்க.

திம்பம்27:
இப்பத்தான் பெட்ரோல் மூடியைத் திறந்து பாத்தேன். உள்ள இ10னு, அதாவது 10 சதம் எத்தனால் வரைக்கும்னு, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

ஸ்பேனர்:
அதை முதல்லயே சொல்லக் கூடாதா! இ20க்கு (இப்ப வர்ற 20 சதம் எத்தனாலுக்கு) தாங்கற ரப்பர் பாகங்கள் 2023 ஏப்ரல்லருந்து வந்த வண்டிங்கள்லதான் உறுதி. அடுத்த சர்வீஸ்ல ஹோஸ், சீல் எல்லாம் பாக்கச் சொல்லுங்க.

கொங்குடர்போ:
இதுல அவரு சொல்றதுதாங்க சரி. ஆக்டேன் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்.