வேல்ஸ் முன்னோர் தேடல்: ‘பேட்ரோனிமிக்’ என்பதற்குக் கலைச்சொல் வேண்டும்

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். வேல்ஸ் நாட்டில் முன்னோரைத் தேடுவது பற்றிய கட்டுரை ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டும். பேட்ரோனிமிக், அதாவது தந்தையின் இயற்பெயரிலிருந்து பிள்ளைக்கு அமையும் அடைபெயர், என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. புழக்கத்தில் உள்ள ‘தந்தைவழிப் பெயர்’ இங்கே உதவாது. டேவிட்டின் மகன் ஜான் டேவிஸ்; அந்த ஜானின் மகன் வில்லியம் ஜோன்ஸ். வேல்ஸ் கிராமப்புறங்களில் 19ஆம் நூற்றாண்டு வரைகூட இப்படித் தலைமுறைதோறும் பெயர் மாறியிருக்கிறது. மாறாமல் இறங்கிவரும் குடும்பப் பெயரும் தந்தைவழி வருவதுதானே? இரண்டையும் பிரிக்காவிட்டால், வாசகர் வில்லியமின் அப்பாவையும் ஜோன்ஸ் என்றே பதிவேட்டில் தேடுவார்.

தஞ்சை, பேராசிரியர்:
நம்மிடமே வழக்கு இருக்கிறது: ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’. வேல்ஸ் மொழியில் ‘அப்’ என்பது மகனைக் குறிக்கும் ‘மாப்’ தேய்ந்த வடிவம். அப் ஹவெல் பவல் ஆனதும், அப் ரீஸ் பிரைஸ் ஆனதும், சேரமகன் சேரமான் ஆனது போலத்தான். ஆகவே ‘மகன்மைப் பெயர்’ என்போம். சாத்தன் + தந்தை சாத்தந்தை, ஆதன் + தந்தை ஆந்தை எனத் தொல்காப்பியப் புணர்ச்சியும் இருக்கிறது. பிசிராந்தையார் நினைவுக்கு வர வேண்டாமா?

கோவை, ஆசிரியை:
ஐயா, ஆதனுக்குத் தந்தை ஆந்தை என்றால் அது பிள்ளையால் தந்தைக்கு வந்த பெயர். நமக்கு வேண்டியது நேர் எதிர்த் திசை. மகன்மை என்றால் மகளையும் விட்டுவிடுகிறோம். அங்ஹரத் வெர்ஹ் ரீஸ் என்றால் ரீஸ் மகள் அங்ஹரத். அங்கே பெண்கள் பலர் மணமான பின்பும் தந்தை பெயரையே வைத்திருந்தார்கள். பழைய உயில்களில் பாட்டியைத் தேடுவோருக்கு அதுதான் பெரிய பிடி. ‘மக’ இருபாலுக்கும் பொது. ‘மகமுறைப் பெயர்’ என்கிறேன்.

தஞ்சை, பேராசிரியர்:
ஆதனாகிய தந்தை என இருபெயரொட்டாகவும் விரிக்கலாம் அம்மா.

சென்னை, மென்பொருளாளர்:
மகமுறை என்றால் யாருக்குப் புரியும்? நாம் போடும் இனிஷியலும் கிட்டத்தட்ட இதுதானே. என் அப்பா பெயரின் முதலெழுத்து எனக்கு, என் பெயரின் முதலெழுத்து என் மகளுக்கு. பேசாமல் ‘தந்தை பெயர்’ என்று போடுங்கள்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:
இனிஷியல் ஒப்புமையை எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ஆனால் 1837இல் தொடங்கிய அரசுப் பதிவில் தந்தையின் பெயருக்கே தனிக் கட்டம் உண்டு. இரண்டும் ஒரே வரியில் மோதும்.

நெல்லை, நூலகர்:
எல்லா அடைபெயரும் தந்தையால் வரவில்லை என்பதையும் பாருங்கள். வேல்ஸ் பெயர்களில் லாய்ட் என்றால் நரைத்தவர். வான் என்பது ‘இளையவர்’. தந்தை மகன் இருவருக்கும் ஒரே பெயர் இருந்தால் பிரித்துச் சொல்ல வந்தது, நம் இளஞ்சேரல் போல. அப்புறம், மொர்தெகாய் மாதிரி விவிலியப் பெயர் குடும்பப் பெயராக வந்திருந்தால் தேடுபவர் பாடு எளிது. ஊரெல்லாம் ஜோன்ஸ் இருக்கும் இடத்தில் அரிய பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். 1858க்கு முந்தைய வேல்ஸ் உயில்கள் அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கட்டுரையில் இல்லையென்றால் அடிக்குறிப்பாகச் சேருங்கள். சொல்லுக்கு என் வாக்கு ‘தந்தையொட்டுப் பெயர்’.

சென்னை, மென்பொருளாளர்:
சரி, இது புரிகிறது.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:
வேறு மறுப்பு இல்லையென்றால் ‘தந்தையொட்டுப் பெயர்’ என்றே அனுப்புகிறேன். முதல் முறை வரும்போது ‘தலைமுறைதோறும் மாறுவது’ என்ற விளக்கமும் சேர்க்கிறேன்.

தஞ்சை, பேராசிரியர்:
மறுப்பு உண்டு. ஒட்டு என்றால் மாணவர் விகுதி என்று நினைப்பார்கள். ‘அப்’ நிற்பதோ இரு பெயருக்கும் நடுவில்.

கோவை, ஆசிரியை:
அனுப்புங்கள், நேரமில்லை. என் வகுப்பில் நான் மகமுறை என்றுதான் சொல்லப் போகிறேன். தந்தையொட்டு என்பதில் மகள் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.